இளைய மருமகனின் ஜெட் எஞ்சின்

எங்கள் வீட்டில் யாராவது "மருமகன்" என்று கூப்பிட்டால் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். வேறு ஆள் இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் மருதமுனையிலிருந்து இரண்டு பெட்டியும் ஒரு சைக்கிளுமாகச் சாய்ந்தமருதுக்கு வந்து, மாமாவின் வளவில் என் மனைவிக்குக் கொடுத்த வீட்டில் குடியிருந்தேன். கல்முனையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். மாமாவுக்கு ஆண் பிள்ளை இல்லை, பெண்கள் இரண்டு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் நின்றுபோனாலும், பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையானாலும், அவர் முற்றத்தில் நின்று "மருமகன்" என்பார். நான் திருகுசாவிப் பெட்டியோடு வெளியே வருவேன்.

இளையவளுக்குக் கலியாணம் முடிந்த பிறகு ஒரு காலையில் மாமா அப்படிக் கூப்பிட்டார். நான் வெளியே வந்தேன். அதே வளவில் இருந்த அடுத்த வீட்டுக் கதவாலும் ஒருவர் வெளியே வந்தார். மாமா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, "இளைய மருமகனைத்தான் கூப்பிட்டன்" என்றார். அன்றிலிருந்து நான் மூத்த மருமகன் ஆனேன். அடைமொழி இல்லாத மருமகனாக இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அது போன பிறகுதான் தெரிந்தது.

என் சகலன் அக்கரைப்பற்றுக்காரர். வளைகுடா நாடு ஒன்றில் துறைமுகப் படகு ஓட்டியவர். கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போவது, கடலில் விழுந்தவர்களைத் தூக்குவது அவருடைய வேலை. வயதில் என்னை விட இளையவர், உயரத்தில் ஒரு சாண் கூடியவர். முதல் நாளிலிருந்தே என்னைக் "காக்கா" என்று கூப்பிட்டார், சொந்த மூத்த சகோதரனைக் கூப்பிடுகிற மாதிரி. தொழுகைக்கு எனக்கு முன்னால் எழும்பினார். மாமியின் அடுப்புக்கு விறகு பிளந்து போட்டார். என் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் ஓடினார்கள். குறை சொல்வதற்கு ஒரு பிடி தேடினேன், கிடைக்கவில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு இதை விடப் பெரிய கஷ்டம் இல்லை. ஆள் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்முனையிலிருந்து உள்ளே சொறிக்கல்முனைப் பக்கம் போகிற பாதை கிட்டங்கியில் ஆற்றைக் கடக்கிறது. பாலம் இல்லை, ஆற்றின் நெஞ்சுக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த கல்பாதையான தாம்போதிதான். மாரி பிறந்து மேலே குளங்களைத் திறந்துவிட்டால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். அங்கால் பக்கத்துத் தமிழ் ஊர்களுக்கு ஆஸ்பத்திரி இல்லாமல் போகும், இங்கால் பக்கத்து முஸ்லிம்களுக்கு வயல் இல்லாமல் போகும். மாமாவின் வயலும் அங்கால்தான் இருந்தது.

அந்த வருடம் ஊரில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று மூட்டை கட்டியது. போகும்போது ஒரு றப்பர் படகைப் பள்ளிவாசலின் நிவாரணக் குழுவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. குழுவுக்கு மாமா தலைவர். காற்றடித்தால் பருத்த மாடு மாதிரி நிமிர்ந்து நிற்கும் சாம்பல் நிறப் படகு. பலகைத் தளமும் பின்னால் எஞ்சின் மாட்டும் பலகையும் இருந்தன, எஞ்சின் இல்லை. எஞ்சினை நாங்கள்தான் எடுக்க வேண்டும். ஆற்றில் எஞ்சின் ஓட்டுவதென்றால் அந்தக் காலத்தில் படை முகாமில் அனுமதி வேண்டும். மாமா நடையாய் நடந்து ஒரு சின்ன எஞ்சினுக்கு அனுமதி வாங்கிவிட்டார்.

அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் குழு கூடியது. மாமி தேத்தண்ணி அனுப்பினார். மாமா என்னைப் பார்த்தார்.

"மூத்த மருமகன், நீங்க சொல்லுங்க. என்ன எஞ்சின் எடுப்பம்?"

நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். "சாதாரண விசிறி எஞ்சின்தான் மாமா. கரைவலைக்காரருட்டயும் அதுதான் இரிக்கி. பழுதாப் போனா சாமான் கல்முனையிலயே எடுக்கலாம்."

மாமா தலையாட்டினார். பிறகு மற்றப் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க இளைய மருமகன்?"

"ஜெட் எஞ்சின் ஒண்டு இரிக்கி மாமா. விசிறி இல்ல. அடியில ஒரு வாய். தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீச்சி அடிக்கும். அந்தத் தள்ளில படகு போகும்."

குழுவில் இருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நான் வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன்: "அது எனக்கும் தெரியும். அந்த ஜெட்டுல எஞ்சின்ட வலு மூண்டுல ஒரு பங்கு சும்மா போகும். நமக்குக் கிடைச்சிரிக்கிறதே சின்ன எஞ்சினுக்கு அனுமதி. மறுகா, கிட்டங்கி முழுக்க ஆத்துவாழை மிதக்கிது. அந்த வேரையெல்லாம் உறிஞ்சினா வாய் அடைச்சிப் போகும்."

"காக்கா சொல்றது மெய்தான்" என்றார் சகலன். எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. "ஆனா மாரியில நாம ஆத்துல மட்டும் ஓடப் போறதில்லயே. வயலுக்கு மேலால ஓடணும். வரம்பு, வேலிக்கட்டை, முள்ளுக்கம்பி எல்லாம் தண்ணிக்குக் கீழ கிடக்கும். விசிறி ஒருக்காப் பட்டா முறிஞ்சி போகும். அதோட சனம் இடுப்பளவு தண்ணியில நிண்டுதான் படகப் புடிக்கும். புள்ளைகளும் நிக்கும். காலடியில கத்தி சுத்திற மாதிரி அது."

புடவைக் கடை வைத்திருந்த உறுப்பினர் ஒருவர், "கடல்ல ஓட்டின ஆள் சொல்றார்" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆறு வேற, துறைமுகம் வேற" என்றேன். என் குரல் தேவைக்கு அதிகமாக உயர்ந்துவிட்டது.

மாமா கையை உயர்த்தினார். "ரெண்டு பேரும் கொழும்புக்குப் போங்க. பாத்து, ரெண்டு பேருக்கும் ஒத்து வாறத எடுத்திட்டு வாங்க."

நீதியான தீர்ப்புத்தான். ஆனால் எல்லோரும் எழும்பிப் போன பிறகு மாமா, "இளைய மருமகன், ஒருக்கா வாங்க" என்று அவரை வளவு வாசல் கடப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் படலையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் கதைத்தார்கள். மாமாவின் கை அவருடைய தோளில் இருந்தது. என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்குள் என் மனைவி கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "உங்களுக்குக் கோவம் எஞ்சினிலயா மச்சான், ஆளிலயா?"

"எஞ்சினிலதான்."

"சரி" என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

கொழும்புக்குப் போகும் வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தி இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், பரீட்சையில் சித்தி பெற்றவன். அவருக்கு வந்தது உடைந்த சிங்களம். ஆனால் சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் சிரித்தது அவரோடுதான். ஒருவன் அவரிடம் சிகரட் கேட்டான், அவர் புகைக்க மாட்டேன் என்று சொல்லி ஒரு தோடம்பழம் கொடுத்தார். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் தலை வைத்துத் தூங்கிப்போனார். மஹியங்கனை வளைவுகளில் அவருடைய தலை விழாமல் நான் தோளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் எஞ்சின் விற்கும் கடை ஒன்றில் எங்களுக்குப் பொருத்தமாக இரண்டு இருந்தன. இரண்டுக்கும் தலை ஒரே அளவு, கால்தான் வேறு. ஒன்றின் காலில் மூன்று இதழ் விசிறி. மற்றதின் காலில் விசிறி இல்லை, ஒரு சப்பாத்து மாதிரி வளைந்த அலுமினியக் கூடு, அதன் அடியில் கம்பித் தட்டி போட்ட வாய். நான் கேட்க வேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மணல் உறிஞ்சினால் உள்ளே இருக்கும் சக்கரம் எவ்வளவு காலம் தாங்கும், பின்னுக்கு எப்படி எடுப்பது, எண்ணெய் எவ்வளவு குடிக்கும். கடை முதலாளி நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆனால் கேள்வி என் வாயிலிருந்து வரும், பதில் சகலனின் முகத்துக்குப் போகும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. குந்தி இருந்து அந்த வாய்க்குள் விரலை விட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தே முதலாளிக்கு யார் ஓட்டுகிறவர் என்று தெரிந்துவிட்டது.

"ஓட்டிப் பாத்து எடுங்க" என்றார் முதலாளி. கடையில் எங்களுடையதைப் போல ஒரு றப்பர் படகு இருந்தது. அதையும் இரண்டு எஞ்சினையும் லொறியில் ஏற்றிக் களனி ஆற்றில் மணல் அள்ளும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

முதலில் விசிறி எஞ்சினை நான் ஓட்டினேன். ஆழத்தில் நன்றாக இழுத்தது. கரையோரம் வரும்போது முதலாளி கத்தினார், நான் எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டேன். அது வழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

பிறகு ஜெட்டை மாட்டினார்கள். சகலன் கயிற்றைப் பிடித்தார், ஆனால் ஏறவில்லை. "நீங்க ஓட்டுங்க காக்கா. நான் இத ஓட்டின ஆள்தானே."

நான் ஓட்டினேன். முதலில் அது எனக்குக் கீழ்ப்படியவில்லை. எஞ்சினைக் குறைத்தால் திருப்பினாலும் திரும்பாது, தண்ணீர் பீச்சினால்தான் திரும்பும். அது பிடிபட்டதும் மெல்லக் கூட்டினேன். ஆற்றின் நடுவே ஒரு மணல் திட்டு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது, மேலே கணுக்காலளவு தண்ணீர்தான். சகலன் கரையில் நின்று கையைக் காட்டினார், போங்க, போங்க. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். படகு அந்தத் திட்டின் மேலால் துணியை இழுத்த மாதிரிப் போய் மறுபக்கம் இறங்கியது. அடியில் ஒன்றும் தட்டவில்லை. என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஏறியது. இன்னொரு தரம் அப்படிப் போக வேண்டும் போல இருந்தது, போனேன். மூன்றாம் தரமும் போனேன்.

கரைக்கு வந்ததும் சகலன் படகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எப்பிடி காக்கா?"

அந்த இடத்தில் "நல்லாத்தான் இரிக்கி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் எஞ்சினை மட்டும் நல்லது என்று சொன்னதாக ஆகாது.

"உங்கட விருப்பம்" என்றேன்.

"இல்ல காக்கா, ரெண்டு பேருக்கும் ஒத்து வரணும் எண்டுதானே மாமா சொன்ன."

"எனக்கு எதெண்டாலும் ஒத்து வரும்."

அவர் முதலாளியிடம் திரும்பி ஜெட்டைக் கட்டச் சொன்னார். ஒரு எஞ்சின் அப்படித்தான் தெரிவு செய்யப்பட்டது.

ஊருக்கு வந்து முதல் நாள் ஓட்டத்துக்குக் கிட்டங்கியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குழுவினர், கடைக்காரர், அங்கால் கரையில் சொறிக்கல்முனைச் சனம். மாமா வெள்ளைச் சட்டையோடு குடை பிடித்து நின்றார். சகலன் எஞ்சினை இழுத்துத் தொடக்கினார். எஞ்சின் வானத்தைப் பிளக்கிற மாதிரிக் கத்தியது, படகு நடக்கிற வேகத்தில் அசைந்தது. இன்னும் கூட்டினார். இன்னும் கத்தியது. பின்னால் தண்ணீர் நுரைத்ததே தவிரப் படகு போகவில்லை. கரையில் யாரோ சிரித்தார்கள். "ஒப்பாரி வைக்கிது" என்றார் ஒருவர். மாமா குடையைக் கை மாற்றினார்.

எனக்கு ஏன் என்று தெரிந்திருந்தது. படகின் அடியில் காற்றடிக்கும் நடுக்குழாய் ஒன்று உண்டு. அது தளர்ந்திருந்தால் அடித்தோல் அலைபாய்ந்து, வாய்க்கு முன்னால் காற்றுக் குமிழ் சேரும். விசிறிக்கு அது பெரிய விஷயம் இல்லை, ஜெட் காற்றை உறிஞ்சினால் வெறுமனே கத்தும். இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்வதற்கு முன் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றேன், மழைக்கு முந்திய காற்றை முகத்தில் வாங்குகிற மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எஞ்சினை நிறுத்திவிட்டு, கரைக்கு வந்து, கால் பம்பைக் கேட்டார். நடுக்குழாயைக் கல்லாகும் வரை அடித்தார். பாரமான இரண்டு பேரை முன்னால் ஏற்றினார். திரும்ப இழுத்தார். படகு மூக்கைத் தூக்கி, பிறகு தாழ்த்தி, ஆற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அங்கால் கரையில் கை தட்டினார்கள். மாமா குடையை மடக்கிவிட்டார்.

அந்த மாரியில் மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் கூடிவிட்டது என்று மாமா கவலைப்பட்டார். பயிர் கதிர் தள்ளும் நேரம். நான் போய் வரம்பு வாய்களை வெட்டிவிட்டு வருகிறேன் என்றேன். சகலன் படகில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். "தாம்போதியில முழங்கால் தண்ணிதான், நடந்து போவன்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

வயலில் எங்கள் வயற்காரர் எனக்கு முன்னால் வந்திருந்தார். சொறிக்கல்முனைக்காரர், மாமாவை விடக் கொஞ்சம் இளையவர். இருவருமாக வரம்புகளை வெட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று வெட்டிய வாயால் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரத் தொடங்கியது. வயற்காரர் மண்வெட்டியை ஊன்றி மேற்கே பார்த்தார்.

"குளத்தத் திறந்திட்டாங்க மாஸ்டர். ஏறுவம்."

நெல் சூடடிக்கும் களவெட்டி மேடு ஒன்றுதான் உயரமான இடம். அதில் ஏறினோம். எங்களுக்கு முன்னால் எருமை மாடுகள் ஏறியிருந்தன. கொஞ்ச நேரத்தில் வரம்புகள் காணாமல் போயின. பிறகு பயிர் காணாமல் போனது. வேலிக்கட்டைகளின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்து, அவையும் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு பாம்புகள் நீந்தி வந்து மேட்டின் ஓரத்தில் ஏறின, நாங்கள் மறு ஓரத்துக்கு ஒதுங்கினோம். மழை நின்று நின்று அடித்தது. வயற்காரர் தன் சாக்கை என் தலையிலும் பிடித்தார். எனக்கு வீடு நினைவுக்கு வந்தது, பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். தண்ணீர் மேட்டைத் தின்றுகொண்டு வந்தது.

மழை இரைச்சலுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஊரில் வேறு எந்த எஞ்சினுக்கும் இல்லாத மெல்லிய ஊளை. வயற்காரர் எழும்பிச் சாக்கை ஆட்டினார். எனக்கு முதலில் வந்தது நிம்மதி அல்ல. இவரா வர வேண்டும் என்றுதான் வந்தது.

அவர் வந்த வழியை நான் பார்த்தேன். ஆற்று வழியே சுற்றி வரவில்லை. வயலுக்கு மேலால் நேராக வந்தார். முள்ளுக்கம்பி வேலி எந்த இடத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் மேலால் வந்தார். பெரிய வரம்பின் மேலால் வந்தார். விசிறி எஞ்சின் என்றால் அந்த வேலியிலேயே முடிந்திருக்கும். விறாந்தையில் அவர் சொன்னது ஒவ்வொன்றும் என் கண் முன்னால் சரியாகிக்கொண்டு வந்தது. மேட்டில் மூக்கை வைத்து நிறுத்தினார்.

"ஏறுங்க காக்கா, கெதியா. ராத்தா தேத்தண்ணி தந்து விட்டவ, குடியுங்க." என் மனைவி போத்தலில் ஊற்றித் துணியில் சுற்றிக் கொடுத்த தேத்தண்ணி. இன்னும் சூடாக இருந்தது. அவருடைய உதடு குளிரில் வெளுத்திருந்தது, அவர் அதில் ஒரு மிடறு குடித்திருக்கவில்லை.

வயற்காரர் ஏறியதும் தன் ஊர்ச் சனத்தைப் பற்றிக் கேட்டார். "உங்கட சனத்த எல்லாம் ஏத்தி இறக்கிட்டன். பள்ளிக்கூடத்து மேட்டுல விட்டிரிக்கி" என்றார் சகலன். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஆற்றுக்குள் இறங்கியதும் ஆற்றுவாழை வந்தது. மேலே எங்கோ கட்டறுந்து, பச்சைத் தீவுகளாக வந்துகொண்டிருந்தது. ஒன்றைச் சுற்றிப் போனார், இரண்டாவதைச் சுற்றிப் போனார், மூன்றாவது எங்களைச் சுற்றிக்கொண்டது. ஊளை திடீரென்று கனத்தது. பின்னால் பீச்சும் தண்ணீர் நூலாகிப் போய் நின்றது. எஞ்சின் ஓடியது, படகு ஆற்றின் விருப்பத்துக்குப் போகத் தொடங்கியது. கீழே தாம்போதியின் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலால் தண்ணீர் மடிந்து விழுகிற இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"காக்கா" என்றார். அவ்வளவுதான்.

அவர் எஞ்சினை நிறுத்திச் சரித்துத் தூக்கினார். நான் பின்பலகையில் வயிறு படிய விழுந்து, வாய்க்குள் கையை விட்டேன். கம்பித் தட்டியில் வேர் தலைமயிர் மாதிரி இறுகியிருந்தது. வயற்காரர் என் கால்களைப் பிடித்துக்கொண்டார். பிடுங்கினேன், பிடுங்கினேன், விரல் நகம் கிழிந்தது. "இப்ப" என்றேன். சகலன் எஞ்சினை இறக்கி இழுத்தார், படகு எதிர்த் திசையில் கொஞ்சம் ஏறியது, திரும்பவும் அடைத்தது. திரும்பவும் விழுந்தேன். கரை வந்து சேரும் வரை இதுவேதான். தாம்போதிக்கு எவ்வளவு கிட்டப் போனோம் என்று நான் பார்க்கவில்லை. வயற்காரர் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டு மூவரும் சேற்றில் உட்கார்ந்தோம். சகலன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க அண்டைக்குச் சொன்னது சரிதான் காக்கா. இந்த வாழைக்கு இது ஒத்து வராது."

இதைக் கேட்க நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன். ஆனால் கேட்பதற்கு அங்கே வயற்காரர் ஒருவர்தான் இருந்தார். மாமா முன்னால் சொல்வாரா என்று வீடு வரும் வரை அதே யோசனை. சொல்ல மாட்டார், யாரும் சொல்ல மாட்டார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டும் வந்தேன்.

அவர் சொன்னார். வளவுக்குள் கால் வைத்ததுமே, ஈரம் துடைக்கும் முன்னால், எல்லோரும் கூடி நிற்கும்போது சொன்னார். "மாமா, இண்டைக்குக் காக்கா இல்லாட்டிப் படகு தாம்போதிக்கு மேலால போயிரிக்கும். மூண்டு பேர்ர மய்யித்தையும்தான் எடுத்திரிப்பீங்க. ஆத்துவாழை அடைக்கும் எண்டு முன்னமே சொன்னதும் காக்காதான்."

என் மனைவி என் கையைப் பிடித்துக் கிழிந்த நகத்தைப் பார்த்தாள். மாமி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மாமா என்னை நெஞ்சோடு அணைத்தார். எனக்குக் கண் கலங்கியது. பிறகு மாமா என்னை விட்டுவிட்டு, கூடி நின்ற அயலவர்களைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா இளைய மருமகன்ட குணத்த. சாவுக்குள்ள போய் ஆளக் கொண்டு வந்திட்டு, பேரத் தூக்கி மத்தவருக்குக் குடுக்கிறார்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல மாமா, மெய்யாத்தான்" என்றார். அது அவருடைய மதிப்பை இன்னும் கூட்டியது. நான் உள்ளே போய் உடை மாற்றினேன். மனைவி பின்னால் வந்து கதவைச் சாத்தினாள். அவளுடைய முகமும் வாடியிருந்தது. "வாப்பா அப்பிடிச் சொல்லியிரிக்கத் தேவல்ல" என்றாள். கலியாணம் முடித்த இத்தனை காலத்தில் அவள் எனக்குச் சொன்ன சொற்களில் எனக்குப் பிடித்தது அது.

அடுத்த நாள் நாங்கள் இருவருமாகக் கல்முனையில் இரும்பு ஒட்டு வேலை செய்யும் பட்டறைக்குப் போய், அந்த வாய்க்கு முன்னால் வேரைத் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு கம்பிச் சட்டம் செய்வித்தோம். வரைந்தது நான். வளைவைக் கொஞ்சம் சரித்தால் நல்லது என்று அவர் சொன்னார், அவர் சொன்னபடியே செய்தது நன்றாக இருந்தது. அது முழுதாக அடைப்பை நிறுத்தவில்லை, குறைத்தது. இரண்டு மாரி அந்தப் படகு அப்படி ஓடியது. பிரசவ வலி கண்ட பெண்கள், காய்ச்சல்காரர், பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் எல்லோரும் அதில் போனார்கள். எப்போதும் ஓட்டியது அவர். நான் முன்னால் உட்கார்ந்து வாழை வரும் பக்கத்தைக் கையால் காட்டுவேன். நாங்கள் நன்றாகச் சேர்ந்து வேலை செய்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள், அது பொய் இல்லை. பொறாமை அதற்குக் குறுக்கே வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

பிறகு அவருக்குத் திரும்பவும் வெளிநாட்டு விசா வந்தது. போகிற நாளில் எஞ்சின் பூட்டின் சாவியை என்னிடம் தந்து, "காக்கா, நடுக்குழாய்க் காத்த மட்டும் பாத்துக்குங்க" என்றார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அவரை ஏற்றிய வான் போன பிறகு மாமா முற்றத்தில் நின்று என்னை "மருமகன்" என்று மட்டும் கூப்பிட்டார். அது நான் நினைத்த அளவு இனிக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டில் கதிரை கிடைத்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவர் கல்முனைத் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுப்பார். மாமா பக்கத்தில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டே, "எஞ்சின் கொஞ்சம் கத்திது மகன், என்ன செய்யிற?" என்று அவரிடம் கேட்பார். நான் ஏற்கெனவே சொன்ன பதிலை அங்கிருந்து அவர் சொல்வார். மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டி, "விளங்கிற்றா?" என்பார். ஓம் என்பேன்.

அந்த வருட மாரியில் முதல் முறையாக நான் தனியே படகை எடுத்தேன். அங்கால் கரையில் ஒரு தாய் கைப்பிள்ளையோடு நின்றாள், கூடவே அவளுடைய மாமியார். கிளினிக்குக்குப் போக வேண்டும் என்றாள். படகை மேட்டில் வைத்ததும் மாமியார் எனக்குப் பின்னால் யாரையோ தேடினாள்.

"மத்தத் தம்பி வரல்லயா?"

"வெளிநாடு போயிட்டார்."

"ஐயோ" என்றாள். மருமகளை ஏற்றி, தானும் ஏறி, பக்கவாட்டுக் கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "அவர் ஓட்டினா ஆடாது" என்று மருமகளிடம் சொன்னாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துச் சொன்னது போலத்தான் இருந்தது.

நான் எஞ்சினை இழுத்தேன். படகு ஆடத்தான் செய்தது. பிள்ளை விழித்து அழுதது. நடு ஆற்றில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், பிறகு கூட்டிப் பார்த்தேன். அவர் எப்படி ஓட்டினார் என்று நான் இரண்டு மாரி பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை, ஆற்றுவாழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரை வந்ததும் அந்தக் கிழவி இறங்கி, பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பாத்துப் போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் படகைத் திருப்பி, யாரும் இல்லாத ஆற்றில், ஆடாமல் ஓட்டிப் பழகினேன்.